பரணில் கிடக்கும் பெயிண்ட் டப்பா தேறுமா? தெரியுமா உங்களுக்கு?

மார்கழி பாதி கழிந்துவிட்டால் எட்டயபுரத்தில் பரணுக்கு ஏணி சாத்தாத வீடு அபூர்வம். போகிக்குக் கழிக்க வேண்டியதைக் கழிக்க வேண்டும், பொங்கலுக்குச் சுவரைப் புதுசாக்க வேண்டும். பிய்ந்த பாய், உடைந்த முறம், பிள்ளையின் எல்.கே.ஜி. பை என்று ஒவ்வொன்றாக இறங்கி வரும். கடைசியில் மூலையில் எதிலோ கால் இடித்து ‘டங்’கென்று ஒரு சத்தம். பெயிண்ட் டப்பா! போன தடவை அடித்து மிச்சம் வைத்தது. போன தடவை என்றால் எந்த வருஷம்? அது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஐந்து உருப்படி அகப்பட்டது. எமல்ஷன் இரண்டு, பச்சை எனாமல் ஒன்று, சிமெண்ட் பெயிண்ட் பாக்கெட் ஒன்று, லேபிள் உரிந்துபோன அநாமதேயம் ஒன்று. இவை போகக் கொல்லையில் அம்மா காலத்துச் சுண்ணாம்புப் பானை. எல்லாவற்றையும் தூக்கிப் போடக் கிளம்பியவனை எங்கள் பெயிண்டர் அண்ணாச்சி கையமர்த்தினார். “மூடியத் தெறக்காம தூரப் போடாதீங்க தம்பி. மொதல்ல மோந்து பாப்போம். தேறுமா தேறாதான்னு அதுவே சொல்லும்.”

சொல்லியது! அன்று மத்தியானத்துக்குள் எனக்குத் தெரியவந்த சங்கதிகளைக் கேட்டால் நீங்களும் உடனே ஏணியைத் தேடுவீர்கள்.

எல்லா பெயிண்டும் காய்கிறது என்றுதானே சொல்கிறோம்? ஒன்று காய்கிற மாதிரி இன்னொன்று காய்வதே இல்லை, தெரியுமா? எமல்ஷனில் தண்ணீர் வெளியே போகிறது. எனாமலில் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வருகிறது. சிமெண்ட் பெயிண்ட் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு இறுகுகிறது. சுண்ணாம்புக்குள்ளோ நாம் விடும் மூச்சில் இருக்கிற கரியமில வாயு நுழைகிறது. எந்த வழியாகச் சுவரில் காய்கிறதோ, பெரும்பாலும் அதே வழியாகத்தான் டப்பாவுக்குள்ளும் கெட்டுப்போகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எது தேறும், எது தேறாது என்று ஏணியில் நின்றபடியே பாதி சொல்லிவிடலாம்.

முதலில் பச்சை எனாமலை எடுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தால் தடித்த ஆடை! ஆறிய பாலில் படிகிற ஆடை போலத்தான், ஆனால் விரலால் தட்டினால் தோல் மாதிரி திம்மென்று நிற்கிறது. “போச்சு அண்ணாச்சி” என்றேன். “ஆடை இருந்தா அடியில பால் இருக்கும்” என்றார்.

அவர் சொன்னதுதான் வேதியியலும் சொல்வது. எனாமலில் இருக்கிற எண்ணெய்ப் பிசின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலை பின்னி இறுகுகிறது. டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட காற்று மேல் பரப்பை மட்டும் இறுக வைத்துவிட்டது. அந்த இறுகிய பரப்பே மூடிக்குள் இன்னொரு மூடியாகி, அடியில் இருப்பதை இத்தனை வருஷம் காத்திருக்கிறது! கத்தி முனையை ஓரத்தோடு வட்டமாக ஓட்டி, ஆப்பச் சட்டியிலிருந்து ஆப்பத்தை எடுப்பதுபோல் ஆடையை முழுசாக எடுத்து வெளியே போட்டார். அடியில் முகம் பார்க்கலாம் போல மினுக்குகிற பச்சை. ஆடையைப் பிய்த்து உள்ளேயே கலக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். பின்னிய வலை பின்னியதுதான், எத்தனை டர்பன்டைன் ஊற்றினாலும் அது திரும்பக் கரையாது. கதவு பூராவும் கொப்புளம் வந்த மாதிரி துணுக்குத் துணுக்காக நிற்கும். அதற்காகத்தான் பழைய வேட்டித் துணியில் ஒரு தடவை வடிகட்டிக்கொள்வது.

இந்த எண்ணெய் சமாசாரத்தில் இன்னொரு ஆச்சரியம். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் பெயிண்டோ தோய்ந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும்! ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். கோவில்பட்டி, எட்டயபுரம் என்று ஊரெல்லாம் தீப்பெட்டி செய்கிற வட்டாரத்தில், குச்சியே உரசாமல் துணி பற்றுகிறது என்றால் யார் நம்புவார்கள்? நம்புங்கள். வேலை முடிந்ததும் துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அடுத்தது வெள்ளை எமல்ஷன். மேலே ஒரு விரற்கடைக்குக் கலங்கிய தண்ணீர், அடியில் களி. அவ்வளவு கனமாக அடியில் உட்கார்ந்திருப்பது என்ன தெரியுமா? டைட்டானியம் டை ஆக்சைடு. அதே கன அளவு தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் எடை. அதன் பெருமை எடையில் இல்லை. ஒளியை வளைத்துத் திருப்புவதில் வைரத்தையே தோற்கடிக்கிற பொருள் அது! வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, இந்த வெள்ளைப் பொடியின் ‘ரூடைல்’ வகைக்குச் சுமார் 2.7. அதனால்தான் மெல்லிசாக ஒரு கோட்டு அடித்தாலே அடியிலிருக்கும் கறை மறைகிறது.

இது எங்கிருந்தோ கப்பலில் வருகிற சீமைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடியிலேயே இதற்கு ஆலை உண்டு. இதன் தாய்ச் சரக்கான இல்மனைட் என்கிற கறுப்பு மணல் நம் தென்கோடிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. அந்தக் கரையில் உள்ள மணவாளக்குறிச்சி மணலின் மகிமை வெளியே வந்த கதை அதைவிட வேடிக்கை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு திரிக்கப் போன நாரோடு புதையலும் சேர்ந்து கப்பலேறியிருக்கிறது!

சரி, அடியில் உறைந்த வைரப் பொடியைக் கரைப்பது எப்படி? நான் ஒரு கம்பை எடுத்துச் சுழற்றினேன். மேல் தண்ணீர் சுற்றியது, அடி அசையவில்லை. அண்ணாச்சி கம்பை வாங்கி எறிந்துவிட்டு, தட்டையான மரச் சட்டம் ஒன்றை எடுத்தார். முதலில் மேல் தண்ணீரை இன்னொரு வாளிக்கு இறுத்துவிட்டார். சட்டத்தால் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பெயர்த்து, களி கிண்டுகிற மாதிரி மசித்தார். அதற்கப்புறம்தான் இறுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஊற்றினார். பிறகு செய்ததுதான் வித்தை. டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி இந்த வாளிக்கும் அந்த வாளிக்குமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆற்றினார்! வெளிநாட்டுப் பெயிண்டர்களும் இதையேதான் செய்கிறார்களாம். ஒரே நிறத்தில் நாலைந்து டப்பா இருந்தாலும் இப்படிக் கலந்து ஆற்றிக்கொண்டால் சுவருக்குச் சுவர் நிறம் மாறாது.

ஒரு பட்டை அட்டையில் அடித்துக் காயவைத்தோம். மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது வெடிப்பு இல்லை, உரியவும் இல்லை. தேறியது!

இரண்டாவது எமல்ஷன் பார்வைக்கு முதலாவதைவிட நன்றாகவே இருந்தது. கட்டி இல்லை, களி இல்லை, தண்ணீர் மாதிரி இளகிக் கிடந்தது. ஆனால் மூடி திறந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு ஓடினோம். அழுகிய முட்டை நாற்றம்!

பெயிண்ட் ஊசிப்போகும், தெரியுமா? சோறு ஊசுவதுபோலவே! எமல்ஷன் வழியாமல் கெட்டியாக நிற்பதற்கு அதில் ஒரு கஞ்சிப் பசை சேர்க்கிறார்கள். அது செல்லுலோஸிலிருந்து வருவது. மரக்கூழிலிருந்தும் எடுக்கலாம், பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தும் எடுக்கலாம். கரிசல்காட்டுப் பருத்தியை நம்பி பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் இந்த ஊரில் ஆலை வைத்து நொடித்துப்போனார். அந்தப் பருத்தியின் சொந்தம்தான் பெயிண்ட் டப்பாவுக்குள் கஞ்சியாக இருக்கிறது! கஞ்சி என்றால் பாக்டீரியா விடுமா? கெடாமல் இருக்கக் கம்பெனி சேர்த்த மருந்து நாளாக ஆக வீரியம் குறையும். நாமும் நம் பங்குக்குத் தொட்டித் தண்ணீரை ஊற்றிக் கலக்கியிருப்போம், தட்டில் மிஞ்சியதைத் திருப்பி டப்பாவில் வழித்துப் போட்டிருப்போம். பாக்டீரியாவின் நொதி பசையின் நீளச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். அதனால்தான் பெயிண்ட் தண்ணீராக இளகுகிறது. முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற வாயுவின் வேலை.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். ‘இளக்கமாகத்தானே இருக்கு, கொஞ்சம் பவுடர் போட்டுக் கலக்கி அடிச்சிருவோம்’ என்று அடித்துவிடுவார்கள். நாற்றம் சுவரில் குடியேறிவிடும், லேசில் போகாது. லேசான அமோனியா நெடி அடித்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல எமல்ஷனிலும் இருப்பதுதான். புளித்த வாடையும் முட்டை நாற்றமும் வந்தால் அதற்கு வைத்தியமே கிடையாது. இரண்டாவது டப்பா தேறவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இன்னொரு எச்சரிக்கை பெரிதாகப் போட்டிருப்பார்கள்: பெயிண்டைப் பனியில் உறையவிடாதீர்கள், உறைந்து இளகினால் திரிந்துபோகும் என்று. எட்டயபுரத்துக்கு அந்தக் கவலை இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு வராது! நமக்கு எதிரி தகரக் கூரைக்கு அடியில் வேகிற சித்திரை வெயில். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கூடுதலாக உப்புக் காற்று. மூடியின் விளிம்பு துருப்பிடித்து, துரு உள்ளே உதிர்ந்து, வெள்ளையில் காவிப் புள்ளி விழும்.

சிமெண்ட் பெயிண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாக்கெட் கல்லாகியிருந்தது. ஈரக் காற்று பட்டாலே இறுகத் தொடங்கிவிடும், இறுகினால் இறுகியதுதான். இப்போது கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

லேபிள் உரிந்த டப்பா பெரிய வில்லன் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. நல்ல மஞ்சள். கமகமவென்று எண்ணெய் பெயிண்ட் வாசம். ஆடைகூட இல்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு ஆகுமே என்று எடுத்து வைத்தேன். கதவுக்கு ஆகாதது கொம்புக்கு என்பதுதானே நம் ஊர் வழக்கம்! அண்ணாச்சி, “இது எந்த வருஷத்துது?” என்று கேட்டார். தெரியவில்லை. “அப்ப வேண்டாம், மூடுங்க.”

ஏன் தெரியுமா? வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் 2016-ல்தான் விதி வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2017 நவம்பர் 1. அதற்கு முந்தைய டப்பாக்களில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயத்தைப் போல் கெடுதல் வேறில்லை. மாடுகள் ஒன்றையொன்று நக்கும். பழைய பெயிண்ட் டப்பாவை நக்கி ஈய நஞ்சு ஏறிய மாடுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. கொம்புக்கு மஞ்சளும் குங்குமமும் போதும். வயது தெரியாத எண்ணெய் பெயிண்ட் எத்தனை அழகாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். பழைய கதவைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். அந்தத் தூசிதான் ஆபத்து.

அந்த மஞ்சள் டப்பாவை எங்கே போடுவது? கண்மாயிலும் சாக்கடையிலும் ஊற்றவே கூடாது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று வரிசை போடும்போது, தூக்கியெறிந்த பெயிண்ட் டப்பாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டன. காலாவதியான மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர் எல்லாம் அதோடு ஒரே வரிசை. மூடியை இறுக்கி, தனியாக எடுத்துக் குப்பை வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலம் 2009-லேயே ஒரு சட்டம் போட்டது: மக்கள் மிச்சம் வைக்கிற பெயிண்டைத் திரும்ப வாங்கும் பொறுப்பு, பெயிண்ட் செய்கிறவர்களுடையது என்று. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் எத்தனை பரண் காலியாகும்!

இனி அந்தப் பானை. மூடியிருந்த ஓட்டை எடுத்தால் மேலே தெளிந்த தண்ணீர், அதன்மேல் ஏடு கட்டிய மாதிரி மெல்லிய படலம். அண்ணாச்சி உள்ளே கரண்டியை விட்டு எடுத்தார். வெண்ணெய்! சத்தியமாக வெண்ணெய்தான். “இத வச்சுக்கிட்டா டப்பாவத் தேடுறீங்க?” என்றார்.

வைக்க வைக்கத் தரம் கூடுகிற பெயிண்ட் உண்டு, தெரியுமா? நீற்றிய சுண்ணாம்பு! தண்ணீருக்கடியில் கிடக்கக் கிடக்க அதன் துகள் சிறுத்து, வழவழப்பு ஏறும். மூன்று வருஷம் ஆகாத சுண்ணாம்பைக் கட்டட வேலைக்குத் தொடக்கூடாது என்று பழைய விதி இருந்ததாக, 1,900 வருஷத்துக்கு முந்தைய ரோமானியர் ப்ளினி எழுதிவைத்திருக்கிறார். கெடாமல் இருப்பதன் ரகசியம் மேலே நிற்கிற தண்ணீர். அதைத் தாண்டிக் கரியமில வாயு உள்ளே போக முடியாது. வெற்றிலை போடுகிற ஆச்சிமார் கரண்டகத்துச் சுண்ணாம்பில் சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு மூடுவார்களே, அதே விஞ்ஞானம்!

சுண்ணாம்பின் சுழற்சியைக் கேளுங்கள். அதற்கு மூலமான கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரிக்குச் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோகும். தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதித்து நீறும். (பக்கத்தில் குனியாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.) சுவரில் பூசியதும் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பழையபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது! முத்தும் பெரும்பாலும் இதே பொருள்தான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடித்த ஒவ்வொரு வீட்டுச் சுவரும் முத்தின் தாயாதி! கடையில் ‘பேர்ல்’ என்று விற்கிற மினுக்கு பெயிண்டில் முத்து கிடையாது தெரியுமோ? பெரும்பாலும் மைக்கா செதில்மேல் நம் டைட்டானியம் டை ஆக்சைடைப் போர்த்தியதுதான் அது.

இந்த வெள்ளைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. இன்று சுண்ணாம்பு வாங்குகிறவர்கள் கல் சுண்ணாம்போ கிளிஞ்சலோ கேட்டு வாங்கலாம்.

வெள்ளையடித்த அன்று சுவர் அழுக்கு வெளுப்பாகவே இருந்து, மறுநாள் காலையில் பளீரென்று சிரிக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புத் துகளின் இடுக்குகளில் தண்ணீர் நிற்கிறது, ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் ஒளி சிதறித் திரும்புகிறது. அதோடு கொஞ்சம் சலவை நீலம் கலப்போமே, அது மஞ்சள் சாயலை அடிக்கிற தந்திரம். அந்த நீலத்தின் ஆதி, லாபிஸ் லசூலி என்ற கல். ஐரோப்பாவில் அதற்குத் தங்கத்தோடு போட்டி போடும் விலை. செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 ஃப்ராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-ல் அறிவித்தார்கள். 1828-ல் கிமே என்பவர் தட்டிச் சென்றார். அதற்கப்புறம்தான் பொட்டிக்கடைப் பொட்டலம்வரை அது வந்தது!

கடையில் டப்பா வாங்கிச் சுவருக்கு அடிப்பதே நமக்கு நேற்று வந்த பழக்கம். இந்தியாவில் பெரிய பெயிண்ட் ஆலை ஹவுராவில் வந்தது 1902-ல்; பாரதிக்கு அப்போது இருபது வயது. ஆனால் பெயிண்டைக் கலந்து எடுத்துவைக்கிற பழக்கம் எத்தனை பழசு? தென்னாப்பிரிக்காவின் ப்ளாம்போஸ் குகையில் 2008-ல் ஒரு பெயிண்ட் கிட் அகப்பட்டது. காவிக்கல் பொடி, எலும்பு, கரி எல்லாம் சேர்த்துக் கலக்கியது. வயது சுமார் 1,00,000 ஆண்டு! அதை எதில் வைத்திருந்தார்கள் தெரியுமா? உட்புறம் முத்துபோல் மினுங்கும் இரண்டு கடல் சிப்பி ஓடுகளில்! உலகத்தின் பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஒன்று கிளிஞ்சல்.

எங்கள் கணக்குக்கு வருவோம். பச்சை தலைவாசல் கதவுக்கு ஆனது. வெள்ளை எமல்ஷன் ஒரு அறைக்குப் போதும் போதாமலும் ஆனது. பானைச் சுண்ணாம்பை வடிகட்டி, நீலமும் கொஞ்சம் பசையும் சேர்த்துக் கொல்லைச் சுவர் முழுக்க அடித்தோம். பிரஷ்ஷால் அடிக்கவில்லை, பனை மட்டையின் நுனியை நைத்துச் செய்த மட்டையால்தான் அடித்தோம். தூத்துக்குடிப் பனந்தும்பு, பிரஷ் செய்வதற்கென்றே கப்பலேறிய சரக்கு என்பதை அந்த மட்டையைப் பார்த்தால் நம்புவீர்கள்.

மிச்சத்தை மூடும்போது அண்ணாச்சி மூன்று காரியம் செய்தார். டப்பா விளிம்புப் பள்ளத்தில் ஆணியால் நாலைந்து துளை போட்டார், வழிந்த பெயிண்ட் உள்ளேயே சொட்டிவிடும், மூடி ஒட்டாது. மூடியின்மேல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டி இறுக்கினார். எனாமல் டப்பாவை ஒரு நிமிஷம் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார், இடுக்கில் பெயிண்ட் புகுந்து காற்றை அடைத்துக்கொள்ளும். நான்காவது காரியத்தை நான் செய்தேன். மார்க்கரை எடுத்து மூடியில் எழுதினேன்: ‘தலைவாசல் கதவு, ரெண்டு கோட்டு, கால் லிட்டர் மிச்சம்’. கீழே தேதியும் வருஷமும். நீங்களும் எழுதிவிட்டே பரணில் ஏற்றுங்கள்.